லினக்ஸில் வட்டு நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் அளந்து பாருங்கள்

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்." லினக்ஸ் பயன்படுத்தும் எவரும் என்றாவது ஒருநாள் இந்த வரியைப் பார்த்தே தீருவார். சில நேரம் அது வெளிப்படையாக வராது. மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நிற்கும், பயர்ஃபாக்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் காரணம் வட்டில் எழுத இடமில்லாமல் போனதுதான்.

அந்த நேரத்தில் பலரும் பதறிப்போய் முதலில் கைவைப்பது சொந்தப் படங்களிலும் வீடியோக்களிலும். தயவுசெய்து வேண்டாம். லினக்ஸில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் நீங்கள் சேர்த்த கோப்புகளே அல்ல. கணினி தன் வேலைக்காகத் தானே எழுதிக்கொண்டவை. எங்கே போயிற்று என்று பார்க்காமல் அழித்தால் வேண்டியது போய்விடும், வேண்டாதது அப்படியே இருக்கும். பார்ப்பதற்கு இரண்டே கட்டளைகள் போதும். அவை இரண்டும் 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தவை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் (டெர்மினல்) தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் கேள்வி: மொத்தத்தில் எவ்வளவு மிச்சம்?

முனையத்தைத் திறந்து "டிஎஃப் -ஹெச்" என்று கொடுங்கள். டிஎஃப் என்பது டிஸ்க் ஃப்ரீ என்பதன் சுருக்கம். பின்னால் வரும் ஹெச், எண்களை மனிதர் படிக்கும் விதத்தில், ஜி, எம் என்று காட்டச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் நீண்ட எண்களின் வரிசை ஒன்று வந்து நிற்கும்.

உபுண்டுவில் இந்தக் கட்டளைக்குப் பல வரிகள் விடையாக வரும், புதியவருக்கு மிரட்சியாக இருக்கும். டிஎம்பிஎஃப்எஸ் என்று தொடங்கும் வரிகள் நினைவகத்தில் இருப்பவை, வட்டில் இல்லை. லூப் என்ற பெயரில் 100% நிறைந்ததாகக் காட்டும் வரிகள் ஸ்நாப் செயலிகளுடையவை. அவை படிக்க மட்டுமேயான சுருக்கப் பொட்டலங்கள். உள்ளே காலியிடம் என்று எதுவும் வைக்காமல்தான் அவற்றைக் கட்டுவார்கள், ஆகவே 100% என்பது அவற்றின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. அவற்றை மறைக்க "டிஎஃப் -ஹெச் -எக்ஸ் டிஎம்பிஎஃப்எஸ் -எக்ஸ் ஸ்குவாஷ்எஃப்எஸ்" என்று கொடுக்கலாம். கடைசி நெடுவரிசையில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிதான் உங்களுக்கு முக்கியம். அதுதான் மூல அடைவு (அடைவு என்றால் ஃபோல்டர்), எல்லாவற்றுக்கும் வேர். வீட்டு அடைவான /ஹோம் தனிப் பகிர்வில் (பார்டிஷன்) இருந்தால் அதற்கும் ஒரு வரி இருக்கும்.

256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். முழு வட்டையும் உபுண்டுவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மூல அடைவின் வரி இப்படி இருக்கக்கூடும்: அளவு 234ஜி, பயன்பட்டது 212ஜி, மிச்சம் 10ஜி, 96%. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 256 வாங்கினோம், 234 என்கிறது. சரி, 234-இல் 212 போனால் 22 அல்லவா மிஞ்ச வேண்டும்? 10 எப்படி வந்தது?

256 எப்படி 234 ஆகிறது என்பது எளிது. வட்டு செய்பவர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். டிஎஃப் -ஹெச் 1024-இன் பெருக்கத்தில் கணக்கிடுகிறது. ஆகவே 256 என்பது 238 ஆகிவிடும். இதே காரணத்தால்தான் 500 ஜிபி வட்டு 465 என்றும் 1 டிபி வட்டு 931 என்றும் தெரிகின்றன. யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல்தான் வேறு. மீதி 4 ஜிபியில் கணினி தொடங்குவதற்கான சிறு பகிர்வும், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமை தன் பதிவேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் இடமும் அடங்கும்.

22 எப்படி 10 ஆகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவை வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு முறைமையின் பெயர் எக்ஸ்ட்4. அது உருவாகும்போதே 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். நாம் வட்டை முழுவதும் நிரப்பிவிட்டாலும் கணினியின் அடிப்படைச் சேவைகள் பதிவுகளை எழுதவும், நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்யவும் அந்த இடம் இருக்க வேண்டும் என்பதற்காக. நம் கணக்கில் அது சுமார் 12 ஜிபி. மூல அடைவில் இந்த ஒதுக்கீட்டைத் தொடாமல் விடுவதுதான் நல்லது. ஆனால் படங்களும் பாடல்களும் மட்டும் வைத்திருக்கும் 1 டிபி எக்ஸ்ட்4 வெளி வட்டில் 46 ஜிபி சும்மா கிடக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே "சுடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1" என்று கொடுத்து, பின்னால் அந்தப் பகிர்வின் பெயரையும் சேர்த்தால் ஒதுக்கீடு 1% ஆகக் குறையும். (சுடோ என்றால் நிர்வாகியின் உரிமையோடு ஓட்டு என்று பொருள்.) கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாம் கேள்வி: எங்கே போயிற்று?

டிஎஃப் மொத்தத்தை மட்டும் சொல்லும். எந்த அடைவில் எவ்வளவு என்று சொல்வது டியு, அதாவது டிஸ்க் யூசேஜ். இந்த ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

சுடோ டியு -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -ஹெச்

ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. சுடோ இல்லாவிட்டால் பிறருடைய அடைவுகளுக்குள் போக அனுமதி கிடைக்காது, கணக்கு குறைவாக வரும். எக்ஸ் என்பது இந்த ஒரு கோப்பு முறைமையை விட்டு வெளியே போகாதே என்ற கட்டளை. அது இல்லாவிட்டால் செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்து எண்ணிவிடும். மேக்ஸ்-டெப்த்=1 என்றால் ஒரு படி மட்டும் இறங்கு என்று பொருள். சார்ட், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தித் தரும், ஆகவே பெரிய அடைவுகள் கடைசியில், உங்கள் கண்ணெதிரிலேயே நிற்கும். /வார் பெரிதாக இருக்கிறதா? சாய்கோடு இருந்த இடத்தில் /வார் என்று போட்டு அதே வரியை மறுபடி கொடுங்கள். இப்படியே இறங்கினால் மூன்று நான்கு படிகளில் ஆள் அகப்பட்டுவிடும்.

இப்படித் தட்டித் தட்டி இறங்குவது சலிப்பாக இருந்தால் என்சிடியு என்ற சிறு நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். "சுடோ ஏபிடி இன்ஸ்டால் என்சிடியு", பிறகு "சுடோ என்சிடியு -எக்ஸ் /". அடைவுகளை அளவுவாரியாக அடுக்கிக் காட்டும். அம்புக்குறி விசைகளால் உள்ளே போய் வரலாம். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். முனையமே வேண்டாம் என்பவர்களுக்கு க்னோம் திரைச்சூழலில் பேயோபாப், கேடிஇ சூழலில் ஃபைல்லைட் என்று வரைபடம் போட்டுக் காட்டும் செயலிகள் உண்டு. என்சிடியுவில் டி என்ற எழுத்தை அழுத்தினால், ஒருமுறை உறுதி கேட்டபின் கோப்பை அழித்துவிடும். சுடோவோடு திறந்திருக்கும்போது அந்த விசையின் பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது குப்பைத் தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும்.

வழக்கமாக அகப்படுபவர்கள்

குப்பைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள். கோப்பு மேலாளரில் அழித்தவை உங்கள் வீட்டு அடைவுக்குள் .லோக்கல்/ஷேர்/ட்ராஷ் (ட்ராஷின் முதல் எழுத்து பெரியது) என்ற மறைந்த இடத்தில் அப்படியே இருக்கும். தொட்டியைக் காலி செய்யும்வரை ஒரு பைட் கூடத் திரும்பாது. பென் டிரைவில் அழித்தால் அந்த டிரைவிலேயே தனியாக ஒரு மறைந்த குப்பை அடைவு உருவாகும். எல்லாவற்றையும் அழித்த பிறகும் பென் டிரைவ் நிறைந்தே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து நிறுவல் பொதிகள். மென்பொருள் நிறுவும் கட்டளையான ஏபிடி-கெட் இறக்கிய பொதிகள் /வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ் அடைவில் தங்கிவிடும். "சுடோ ஏபிடி கிளீன்" அவற்றை நீக்கும். நிறுவிய மென்பொருள் எதற்கும் பாதகமில்லை, தேவைப்பட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளும். ஃபெடோராவில் இதற்கு "சுடோ டிஎன்எஃப் கிளீன் ஆல்". ஃப்ளாட்பேக் பயன்படுத்தினால் "ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு" என்று கொடுங்கள். எந்தச் செயலிக்கும் தேவைப்படாமல் கிடக்கும் அடித்தளப் பொதிகள் போய்விடும், அவை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும். டாக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் "டாக்கர் சிஸ்டம் டிஎஃப்" கொடுத்துப் பார்க்கட்டும். பழைய இமேஜ்கள் சத்தமில்லாமல் பத்து இருபது ஜிபி பிடித்திருப்பது அங்கே சாதாரணம்.

பதிவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் ஜர்னல் என்ற பதிவேடு /வார்/லாக்/ஜர்னல் அடைவில் வளர்ந்துகொண்டே வரும். அதற்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு: கோப்பு முறைமையின் 10%, அல்லது 4 ஜிபி, இரண்டில் எது குறைவோ அது. 256 ஜிபி வட்டில் 4 ஜிபி என்பது பெரிதில்லை எனலாம். ஆனால் 30 ஜிபி பகிர்வில் உபுண்டுவை வைத்து, மீதியை விண்டோஸுக்குக் கொடுத்திருப்பவருக்கு 3 ஜிபி பெரிய விஷயம். "ஜர்னல்சிடிஎல் --டிஸ்க்-யூசேஜ்" என்றால் இப்போதைய அளவைச் சொல்லும். "சுடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" என்றால் பழையவற்றைக் கழித்து 200 எம்பி அளவுக்குக் கொண்டுவரும்; இதில் எம் பெரிய எழுத்து. ஆனால் பதிவேடு ஒரே வாரத்தில் மறுபடி பெருத்துவிட்டால், அழிப்பதை நிறுத்திவிட்டு அதைப் படியுங்கள். ஏதோ ஒரு நிரல் விநாடிக்கு நூறு முறை அதே பிழையைச் சொல்லிக்கொண்டிருக்கும். நோய் அங்கே இருக்கிறது, வட்டு நிறைந்தது அதன் அறிகுறி.

பழைய கெர்னல்கள், அதாவது லினக்ஸின் மையக் கருவின் பழைய பதிப்புகள், இன்னொரு வகை. /பூட் தனிப் பகிர்வாக இருக்கும் கணினிகளில், குறிப்பாக முழு வட்டையும் மறையாக்கம் செய்து நிறுவியிருந்தால், அந்தச் சிறு இடம் இரண்டு மூன்று கெர்னல்களிலேயே நிறைந்துவிடும். மூல அடைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் புதுப்பிப்பு தோற்கும். "சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்" தேவையற்ற பழைய கெர்னல்களை முறைப்படி நீக்கும். /பூட் அடைவுக்குள் போய்க் கையால் எதையும் அழிக்காதீர்கள். தவறான கோப்பு போனால் கணினி மறுமுறை எழாது. இப்போது ஓடும் கெர்னல் எது என்று "யுநேம் -ஆர்" சொல்லும்.

டிஎஃப்பும் டியுவும் ஒத்துப்போகாதபோது

டிஎஃப் 212 ஜிபி போயிற்று என்கிறது. டியு எல்லா அடைவையும் கூட்டி 150 என்கிறது. 62 ஜிபி எங்கே? புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது. ஆனால் இது புரிந்துவிட்டால் லினக்ஸில் கோப்பு என்றால் என்ன என்பதே புரிந்துவிடும்.

கிராமத்தில் ஒரு வயலை "கிணத்துமேட்டு வயல்" என்பார்கள். அது ஊரார் கூப்பிடும் பெயர். அரசுப் பதிவேட்டில் அந்த நிலத்துக்கு ஒரு சர்வே எண் இருக்கும். பரப்பு எவ்வளவு, யாருடையது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ்தான். லினக்ஸிலும் அப்படித்தான். கோப்பின் பெயர் அடைவில் எழுதியிருக்கும் ஒரு வரி மட்டும். கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் ஐநோட் என்ற எண்ணிட்ட பதிவில் இருக்கும். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் கூட இருக்கலாம்.

நீங்கள் ஆர்எம் கட்டளை கொடுக்கும்போது அழிவது பெயர்தான். எல்லாப் பெயர்களும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எதுவும் இல்லாதபோதுதான் கெர்னல் கட்டங்களை விடுவிக்கும். ஒரு வலைச் சேவையகம் 60 ஜிபி பதிவுக் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதை ஆர்எம் செய்தால், பெயர் மறைந்துவிடும். டியு பெயர்களின் வழியாக நடந்து எண்ணுவதால் அதற்கு அந்தக் கோப்பு தெரியாது. டிஎஃப் கோப்பு முறைமையின் கணக்கையே கேட்பதால் அந்தக் கட்டங்கள் இன்னும் பிடிபட்டிருப்பது அதற்குத் தெரியும். சேவையகமோ பெயரில்லாத கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும்!

கண்டுபிடிக்க: "சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1". கடைசியில் வரும் எல் பெரிய எழுத்து. பெயர் போயும் திறந்திருக்கும் கோப்புகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களையும் இது காட்டும். அந்தச் சேவையை மறுபடி தொடங்கினால் இடம் உடனே திரும்பும். அடுத்த முறை, ஓடும் நிரலின் பதிவுக் கோப்பு பெருத்துவிட்டால் ஆர்எம் வேண்டாம். "சுடோ ட்ரங்கேட் -எஸ் 0" என்று போட்டு, கோப்பின் பெயரையும் கொடுங்கள். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், உள்ளடக்கம் மட்டும் காலியாகும்.

இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு, இது பிடிபடக் கடினமானது. /எம்என்டி/பேக்கப் என்ற அடைவில் வெளி வட்டை இணைத்து, தினமும் இரவில் நகல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் வட்டு செருகப்படவில்லை. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. அந்த அடைவு வெறும் அடைவாக இருக்கிறது, எழுதிவிட்டது. எழுதியது எங்கே? உங்கள் மூல வட்டில். மறுநாள் வெளி வட்டை இணைத்ததும் அது அந்த அடைவை மூடிக்கொள்கிறது, நேற்று எழுதியவை கண்ணுக்கு மறைந்துபோகின்றன. வேறொரு காலி அடைவை உருவாக்கி, "சுடோ மவுண்ட் --பைண்ட் /" என்பதோடு அந்த அடைவின் பெயரையும் கொடுத்து, அங்கே டியு ஓட்டினால் மூடியிருந்தது வெளிப்படும். நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள், வட்டு உண்மையில் இணைந்திருக்கிறதா என்று "மவுண்ட்பாயிண்ட்" கட்டளையால் சோதித்த பிறகே எழுதத் தொடங்கவேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வேறு உலகம். ஃபெடோரா 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து மேசைக் கணினிப் பதிப்புகளில் இதையே இயல்பாகத் தருகிறது. அதில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்து வைத்திருந்தால், கோப்பை அழித்தாலும் பழைய ஸ்னாப்ஷாட் அதே கட்டங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்னாப்ஷாட்டை நீக்கினால்தான் இடம் திரும்பும். உண்மைக் கணக்கை "சுடோ பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் /" தரும். லினக்ஸ் மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற நகலெடுக்கும் செயலி வைத்திருப்பவர்களும் எத்தனை நகல்களைப் பாதுகாக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இடம் இருந்தும் இடமில்லை என்றால்

டிஎஃப் 40 ஜிபி மிச்சம் என்கிறது, ஆனாலும் புதுக் கோப்பு எழுத முடியவில்லை. இப்போது "டிஎஃப் -ஐ" கொடுத்துப் பாருங்கள். இது ஐநோட்களை எண்ணும். எக்ஸ்ட்4-இல் ஐநோட்களின் எண்ணிக்கை வட்டை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். இயல்பாக 16 கேபிக்கு ஒன்று. நம் 256 ஜிபி வட்டில் சுமார் 1.5 கோடி. வீட்டுக் கணினியில் தீராது. ஆனால் சிறிய வட்டுள்ள வாடகைச் சேவையகத்தில், ஒவ்வொரு வருகைக்கும் ஒரு சிறு கோப்பு உருவாக்கும் வலைத்தளம் ஓடினால் தீர்ந்துவிடும். பெரிய கோப்பைத் தேடிப் பயனில்லை, கோப்புகள் மிக அதிகமாக உள்ள அடைவைத் தேட வேண்டும். "சுடோ டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் --மேக்ஸ்-டெப்த்=1 /" அதைக் காட்டும். லட்சக்கணக்கான கோப்புகளை ஆர்எம் நட்சத்திரக்குறியோடு அழிக்கப் போனால் பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். ஃபைண்ட் கட்டளையில் --டெலீட் அல்ல, ஒற்றைக் கோட்டுடன் -டெலீட் என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் -டெலீட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எவை வருகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வரைகலைத் திரைக்குள் நுழையவே முடியாதவர்கள் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, "சுடோ ஏபிடி கிளீன்", ஜர்னல் சுருக்கம் இரண்டையும் செய்தால் பொதுவாக சில நூறு எம்பி கிடைக்கும். உள்ளே நுழைய அது போதும், மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. வட்டிலும் இடம் இருக்கிறது, ஐநோடும் இருக்கிறது, ஆனாலும் உங்கள் எடிட்டரோ நோட் ஜேஎஸ் நிரலோ அதே "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" பிழையைக் காட்டுகிறது என்றால், அது வட்டைப் பற்றியதே அல்ல. கோப்புகளில் மாற்றம் நடக்கிறதா என்று கண்காணிக்க ஐநோட்டிஃபை என்ற வசதி கெர்னலில் உள்ளது. ஒரு பயனர் எத்தனை கோப்புகளைக் கண்காணிக்கலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு உண்டு. வரம்பு தாண்டினால் கெர்னல் அதே பிழை எண்ணைத்தான் திருப்பி அனுப்பும். "சுடோ சிஸ்சிடிஎல் எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்=524288" என்று வரம்பை உயர்த்தினால் சரியாகும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, அந்த வரியிலிருந்து சுடோவையும் சிஸ்சிடிஎல்லையும் விட்டுவிட்டு மீதியை மட்டும் /இடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில், .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.